பத்தேகால் மணிப் பேருந்தில் மாணவர்கள் இல்லையாம்

"மனுதாரர் குறிப்பிடும் வழித்தடத்தில் ஏற்கெனவே பேருந்து இயக்கப்பட்டு வருகிறது, கள ஆய்வின்போது அப்பேருந்தில் மாணவர்கள் எவரும் பயணம் செய்வது கண்டறியப்படவில்லை, எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது." ஊருக்கு வரும் பேருந்தைப் பள்ளிக்கூட நேரத்துக்கு ஓட்டுங்கள் என்று நாங்கள் கொடுத்த மனுவுக்கு நேற்று வந்த பதில் இவ்வளவுதான். கையொப்பம், முத்திரை, பார்வை ஒன்று, பார்வை இரண்டு, நகல் யார் யாருக்கு என்ற பட்டியல் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பெயரை மட்டும் பிழையாக அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் உண்மையிலேயே ஓர் ஊர் இருந்து, அங்கே பள்ளிக்கூட நேரத்துக்குப் பேருந்தும் ஓடிக்கொண்டிருந்தால், அந்த ஊர்க்காரர்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள்.

மனு எழுதிக் கொடுத்துப் பழகியவர்களுக்கு முன்கதை தேவையில்லை. ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமை வரிசை, ஒப்புகைச் சீட்டு, அலைபேசிக்கு வரும் மனு எண், அந்த எண் துறை விட்டுத் துறை ஊர்வலம் போகும் அழகு எல்லாம் உங்களுக்கே தெரியும். எங்கள் பிள்ளைகளைவிட எங்கள் மனு அதிகம் பயணம் செய்திருக்கிறது என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

நாங்கள் புதிய பேருந்து கேட்கவில்லை. இதை மனுவிலேயே அடிக்கோடிட்டு எழுதியிருந்தோம். ஓடிக்கொண்டிருக்கும் பேருந்தை ஒன்றேமுக்கால் மணி நேரம் முன்னதாக ஓட்டுங்கள் என்றுதான் கேட்டோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் போகும் சாலையிலிருந்து காட்டுப் பக்கமாகப் பிரியும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. எட்டாம் வகுப்பு வரை ஊரிலேயே படிக்கலாம். ஒன்பதுக்கு ஏறினால் 9 கிலோமீட்டர் போக வேண்டும். உயர்நிலைக் கல்வி குடியிருப்பிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் கிடைக்க வேண்டும் என்று 2009இல் வந்த இடைநிலைக் கல்வித் திட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். கிலோமீட்டர் கல்லை நட்டவர்கள் அந்தத் திட்டத்தைப் படித்திருக்கவில்லை போலும். பள்ளியில் ஒன்பதேகாலுக்கு இறைவணக்கம். எங்கள் ஊருக்குப் பேருந்து வருவது பத்தேகாலுக்கு. பள்ளி விடுவது நாலேகாலுக்கு. அதே பேருந்து பள்ளி வாசலைக் கடந்து ஊருக்குத் திரும்புவது மூன்றேமுக்காலுக்கு. காலையில் பிந்தியும் மாலையில் முந்தியும் இரண்டு முனையிலும் இவ்வளவு துல்லியமாகப் பள்ளிக்கூடத்தைத் தவறவிடுவதற்குத் தற்செயல் போதாது. யாரோ உட்கார்ந்து, பென்சிலால் கோடு போட்டு, யோசித்திருக்க வேண்டும்.

இப்போது அந்தக் கள ஆய்வுக்கு வருகிறேன்.

ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று முந்தின நாள் மாலை தகவல் வந்தபோது, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நாங்கள் எல்லோரும் பெரிய காரியம் நடந்துவிட்டதாக மகிழ்ந்துபோனோம். குழுத் தலைவியான அந்த அம்மா மறுநாள் தக்காளி பறிப்புக்குப் போகாமல், கூலியை விட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார். காலை ஏழு மணிக்கே புளியமரத்தடியில் கூடிவிட்டோம். ஏனென்றால், பிள்ளைகள் ஏழேகாலுக்கு ஊரிலிருந்து கிளம்பி, நாலு கிலோமீட்டர் நடந்து பெரிய சாலைக்குப் போய், அங்கே போகிற பேருந்துகளில் எது நிற்கிறதோ அதில் தொற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். அதை அதிகாரிகள் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் வேறு சான்றே வேண்டாம் என்று நம்பினோம்.

பிள்ளைகள் வழக்கம்போல நடந்து போனார்கள். அதிகாரிகள் வரவில்லை. எட்டு மணி ஆனது, வரவில்லை. ஒன்பது ஆனது, வெயில் ஏறியது, வரவில்லை. பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர்கள் இருவர், ஒருவர் கேட்பதற்கு, மற்றவர் எழுதுவதற்கு. எழுத வந்தவரின் பேனா எழுதவில்லை. என் பேனாவைக் கொடுத்தேன். "பஸ் எத்தனை மணிக்குங்க?" என்றார் கேட்க வந்தவர். பத்தேகால் என்றோம். "அப்ப கரெக்டாத்தான் வந்திருக்கோம்" என்று எழுத வந்தவரைப் பார்த்துப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

பேருந்து பத்து இருபத்தைந்துக்கு வந்தது. அந்தத் தாமதம் குறிப்பில் ஏறவில்லை. அது ஆய்வின் வரம்புக்குள் வராதாம். இருவரும் படியில் ஏறித் தலை எண்ணினார்கள். அரசு மருத்துவமனைக்குப் போகும் ஒரு முதியவர், வங்கிக்குப் போகும் இரண்டு பெண்கள், உரமூட்டை வாங்கக் கிளம்பிய ஒருவர், இன்னும் சிலர். கடைசி இருக்கையில் ஒரு பாட்டி கோணிப்பையில் ஆட்டுக்குட்டியைத் தலை மட்டும் வெளியே தெரிய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் குட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் போட வேண்டுமா, வேண்டாமா என்று நடத்துநருக்கும் பாட்டிக்கும் தகராறு தொடங்கியது. "எனக்கே டிக்கெட் இல்ல, இதுக்கு எதுக்குப்பா?" என்றார் பாட்டி. கேட்க வந்த அதிகாரியும் அதில் கலந்துகொண்டு, விதி என்ன சொல்கிறது என்று விளக்கினார். எங்கள் மனுவுக்குக் கிடைத்த நேரத்தைவிட அந்த ஆட்டுக்குட்டிக்குக் கிடைத்த நேரம் அதிகம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒருவழியாகத் தாளில் கட்டம் போட்டு நிரப்பினார்கள். ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை. மாணவர்கள் என்ற கட்டத்தில் ஒரு பெரிய பூச்சியம். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பேச்சு வரவில்லை. "சார், பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஆச்சு. இந்த வண்டியில யூனிஃபார்ம் போட்ட பையன் எவனாவது இருந்தா, அவனைப் பிடிச்சு ஹெட்மாஸ்டர்கிட்டதான் ஒப்படைக்கணும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. மிகுந்த கனிவோடு, "இருக்கறதைத்தாங்க நாங்க எழுத முடியும், இல்லாததை எப்படிங்க எழுதறது?" என்றார். காலையில் நடந்து போன பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், வகுப்பு வாரியாக, தலைமையாசிரியர் கையொப்பத்தோடு மனுவிலேயே இணைத்திருக்கிறோமே என்று தலைவி அம்மா கேட்டார். இணைப்பு தங்களுக்கு வரவில்லை, மனு மட்டும்தான் வந்தது என்றார். சரி, நாளைக் காலை ஏழு மணிக்கு வாருங்கள், நேரிலேயே காட்டுகிறோம் என்றோம். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏழு மணிக்கு இங்க வர்றதுக்கு வண்டி ஏதுங்க?"

அதன்பின் தேநீர் குடித்தார்கள். காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரத்திலிருந்து பிள்ளைகள் எப்படித்தான் படிக்கப் போகிறார்களோ, பாவம் என்று உண்மையான வருத்தத்தோடு கேட்க வந்தவர் சொன்னார். எழுத வந்தவர் என் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஜீப் போய்விட்டது.

பேருந்தை ஏன் முன்னதாக ஓட்ட முடியாது என்பதற்கும் பணிமனையில் ஒரு விளக்கம் இருக்கிறது. நியாயமாகச் சொன்னால், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஒரு டவுன் பஸ் என்பது ஒரு டிரிப் அல்ல. காலை முதல் இரவு வரை ஒன்றோடொன்று கோத்த பல டிரிப்புகள். ஒன்றை இழுத்தால் மற்றவை எல்லாம் நகரும். ஓட்டுநர், நடத்துநர் பணி மாறும் நேரம் நகரும். காலையில் அந்த வண்டி வேறு தடத்தில், வசூல் வரும் தடத்தில் ஓடுகிறது. எங்கள் தடத்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை, மாணவர்களுக்குப் பாஸ், "கலெக்‌ஷன் எங்கேங்க வரும்?" என்கிறார்கள். இலவசப் பயணத்துக்கு ஆகும் தொகையை அரசு மானியமாகக் கொடுக்கிறது என்று ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையில் வாசிக்கிறார்களே, அது யாருக்காக வாசிக்கப்படுகிறது என்று கேட்டால், அது மேலிடத்துக் கணக்கு, இது டிரிப் கணக்கு என்று பதில் வருகிறது. ஆகவே பெரிய சாலையில் சீருடையைக் கண்டால் சில பேருந்துகளுக்கு வேகம் கூடிவிடுகிறது. நிறுத்தத்தைத் தாண்டி நூறு அடி தள்ளி நிறுத்தி, புத்தக மூட்டையோடு பிள்ளைகள் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பாதிப் பேர் ஏறியதும் விசில் அடிக்கிறார்கள். ஜூன் மாதம் பிறந்தால், புதிய பாஸ் வரும்வரை சீருடையில் இருந்தாலே இலவசமாகப் பயணம் செய்யலாம் என்று அறிவிப்பு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

பேருந்துதான் இல்லை, போக்குவரத்துப் படியாவது கொடுங்கள் என்று கல்வி அலுவலகத்தில் கேட்டோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொலைதூரக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை கொடுக்க இடம் இருக்கிறது. பள்ளி நாள்களுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு முப்பது ரூபாய்கூடத் தேறாது. இருந்தாலும் நாலு வீட்டுப் பணத்தைச் சேர்த்தால் ஓர் ஆட்டோவுக்குப் பேசலாம். அங்கே இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஊருக்குத்தான் பஸ் இருக்கே" என்றார். அதாவது, எங்கள் பிள்ளைகள் ஏற முடியாத அந்தப் பத்தேகால் மணிப் பேருந்து இருப்பதால் எங்களுக்குப் படி கிடையாது. எங்கள் பிள்ளைகள் அதில் ஏறாததால் அதன் நேரத்தையும் மாற்ற முடியாது. இந்த முடிச்சைப் போட்டவர் எவரோ, அவரை நேரில் பார்த்தால் காலில் விழுந்து வணங்கத் தோன்றுகிறது.

சைக்கிள் கொடுக்கிறார்களே என்பார்கள். பதினொன்றாம் வகுப்பில்தான் கொடுக்கிறார்கள். ஒன்பதிலும் பத்திலும் படிக்கும் பிள்ளைகள் அந்தச் சைக்கிளுக்காக இரண்டு ஆண்டு நடந்து தவம் இருக்க வேண்டும். கிடைத்த பிறகும், ராகிக் கதிர் முற்றும் காலத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டாக் காட்டுப் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக யானைகள் இறங்கிவிட்டால், அதிகாலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் காட்டோரம் நடமாட வேண்டாம் என்று வனத்துறை ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறது. பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு முடியும் நேரம் ஐந்தரை. ஒரு துறை நடமாடாதே என்கிறது, இன்னொரு துறை நடந்து வா என்கிறது. இரண்டுக்கும் ஒரே கோபுரச் சின்னம்தான். விடுதியில் சேர்த்துவிடுங்களேன் என்று அறிவுரை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு டிரிப்பை முன்னே தள்ள முடியாதாம். பதினான்கு வயதுப் பிள்ளையை மட்டும் வீட்டை விட்டு அனுப்பிவிடலாமாம்.

எனக்கு வயிறு எரிவது இவற்றால்கூட அல்ல. அதிகாலை ஐந்து மணிக்கு எங்கள் ஊருக்கு ஒரு பேருந்து வருகிறது. ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் பேருந்து. குஷன் இருக்கை, ஜன்னலுக்குத் திரை. நடுக்காட்டுச் சாலையில், யானையைப் பற்றிய கவலை இல்லாமல், ஒரு நிமிடம் பிசகாமல் அதே புளியமரத்தடிக்கு வந்து, ஷிஃப்டுக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது, ஆள் வரவில்லை என்றால் அலைபேசியில் கூப்பிட்டு, "எங்கம்மா இருக்கே?" என்று கேட்கிறார்கள். அதில் போகிறவர்களில் சிலர், ஒன்பதாம் வகுப்பில் இந்த நடைக்குப் பயந்தே படிப்பை விட்டவர்கள். அவர்களோடு நின்றுவிட்ட வேறு சிலருக்கு அந்த வயதிலேயே கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். பதினைந்து வயதில் பள்ளிக்குப் போக எங்கள் ஊருக்குச் சாலை சரியில்லை, வசூல் இல்லை, ஆள் இல்லை, வண்டி இல்லை. பதினெட்டு வயதில் வேலைக்குப் போக மட்டும் எல்லாம் சரியாகிவிடுகிறது. தனியார் பள்ளிகளின் மஞ்சள் வண்டிகளும் அப்படியே. ஒரே ஒரு பிள்ளைக்காகத் தோட்டத்து வீடு வரைக்கும் வளைந்து வந்து ஹாரன் அடிக்கின்றன. சாலையின் மேல் பழி போடுகிறவர்கள் அந்தச் சக்கரத் தடங்களைக் குனிந்து பார்க்கட்டும்.

மினி பஸ் பற்றியும் விசாரித்தோம். புதிய திட்டத்தில் 25 கிலோமீட்டர் வரை தடம் தருகிறார்கள். எங்கள் தடத்துக்கு விண்ணப்பிக்க ஆள் இல்லை. வந்தாலும் அதில் பாஸ் செல்லாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இன்று காலை ஓர் அழைப்பு வந்தது. மனுக்களின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றிக் கருத்துக் கேட்கிறார்களாம். மிக மரியாதையான ஒரு பெண் குரல். நான் பூச்சியத்திலிருந்து யானை வரைக்கும் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சரிங்க சார், இப்ப உங்க ஊருக்கு பஸ் வருதுங்களா, வரலைங்களா?" என்றார். "வருதும்மா, ஆனா" என்று தொடங்கினேன். "ஆனான்னு ஒரு ஆப்ஷன் இல்லைங்க சார்" என்றார். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியாமல் தலைவி அம்மாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "சிரிக்கிறீங்களே சார், அப்ப ரொம்பத் திருப்தின்னே போட்டுடறேங்க" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.