மாத்திரை எண்ணிக் கொடுப்பவன் எழுதுகிறேன்

நான் மருந்துக்கடை ஃபார்மசிஸ்ட், அதாவது மருந்தாளுநர். எங்களுக்கு பிபி, சுகர் பார்க்கிற வேலையும் கொடுக்கலாமா என்று நடந்த நேற்றைய டிவி விவாதத்தை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஏழெட்டுப் பேர் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள், கூடவே சிரிக்கிற பொம்மை வேறு. "மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவங்களும் இனி வைத்தியம் பார்ப்பாங்களா?" என்று விவாதத்துக்கு வந்த டாக்டர் கேட்டதும் நெறியாளரும் சேர்ந்து சிரித்தாரே, அந்த இடம்தான்.

வைத்தியம் பார்க்கிறோம் என்று யார் சொன்னது? பிபி, சுகர் பார்க்க, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்க, "இது ஆஸ்பத்திரி கேஸ், உடனே போங்க" என்று அனுப்ப, மருந்துக்கடை ஃபார்மசிஸ்டுக்கு முறையான இடம் கொடுங்கள் என்கிறோம். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். மருந்தைப் பற்றி நோயாளிக்கு விளக்குவது எங்கள் வேலை என்று 2015லேயே எங்களை முறைப்படுத்துகிற ஃபார்மசி கவுன்சில் விதி போட்டுவிட்டது. டாக்டருக்கு அது தெரியாவிட்டால் நாங்கள் என்ன செய்வது?

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. சுகாதார நிலையத்தில் பிபிக்கு அம்லோடிபின் என்ற மாத்திரை கொடுத்திருந்தார்கள். மகன் தனியார் டாக்டரிடம் கூட்டிப்போக, அங்கே எழுதிய கூட்டு மாத்திரைக்குள்ளும் அதே அம்லோடிபின். பெயர் வேறு, அட்டை வேறு, பெரியம்மா இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தது. ஒரே மருந்து இரட்டிப்பாகப் போனதில் கால் வீங்கியது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை எழுதிய சீட்டோடு கடைக்கு வந்தபோதுதான், "வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்துட்டு வாங்க பெரியம்மா" என்றேன். மஞ்சள் பையைக் கவிழ்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. நானாக எதையும் நிறுத்தவில்லை. துண்டுச் சீட்டில் எழுதி டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன். அவர் ஒரு மாத்திரையை நிறுத்தினார். கூடவே, "கடைக்காரன் சொல்றதையெல்லாம் கேக்காதீங்க" என்றாராம்!

உடனே ஒருவர் வருவார்: "ஆன்டிபயாட்டிக்கைச் சீட்டு இல்லாமல் விற்பது யார்?" விற்கிறார்கள், தப்புதான். சில ஆன்டிபயாட்டிக்குகளும் இருக்கிற ஹெச்1 பட்டியல் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வேண்டும் என்பது 2014லிருந்து நடைமுறையில் இருக்கிறது, அதைக் கறாராகப் பாருங்கள், நானும் கூட நிற்கிறேன். சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு ஃபார்மசிஸ்டே இல்லாமல் நடக்கிற கடைகளையும் மூடுங்கள். போலி டாக்டர் பிடிபட்டால் எல்லா டாக்டரையும் பார்த்தா சிரிக்கிறோம்?

இங்கிலாந்தில் ஃபார்மசிஸ்டுகள் இதற்கு மேலேயே செய்கிறார்களே என்றால், "இங்கிலாந்து வேறு, இந்தியா வேறு" என்பார் அடுத்தவர். அங்கே 2024 ஜனவரி முதல் தொண்டை வலி, காது வலி, பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று என்று ஏழு பிரச்சினைகளுக்கு ஃபார்மசிஸ்டே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் வரை கொடுக்கலாம். நான் அவ்வளவு கேட்கவே இல்லையே சார். பிபி மிஷினில் பார்க்கிற வேலையைத்தான் கேட்கிறேன்.

2021ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது, பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே போகிறது, நல்ல திட்டம். அதே ஆள் அடுத்த வாரம் என் கடையில் வேறு மாத்திரை வாங்குகிறார். அங்கே என்ன கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் என்ன கொடுத்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகம் திறந்தபோதும் விலை குறைவு, விலை குறைவு என்றுதான் பேச்சு. உள்ளே நிற்கிற டி.ஃபார்ம், பி.ஃபார்ம் படித்தவர் வேறு என்ன செய்யலாம் என்று யாராவது பேசினோமா?

நாலு வருஷம் படித்தேன். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஷட்டரைத் தட்டி, "அண்ணே, எத்தனை மில்லி கொடுக்கணும்?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். அப்போது யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. வீடியோவைப் பொம்மையோடு அனுப்பியவர்களில் இரண்டு பேர் அப்படித் தட்டியவர்கள்தான், பேர் சொல்லமாட்டேன்.

பிபி மிஷின் நானே வாங்கிக் கடையில் வைத்திருக்கிறேன். காசு வாங்குவதில்லை. அதற்கும் புகார் போடுவதென்றால் தாராளமாகப் போடுங்கள்.