சிம் கழற்ற முடியாத போன்

செல்போன் பேச்சைக் காற்றில் அனுப்ப ஒரு காலத்தில் போட்டி போட்ட இரண்டு முறைகள் ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ. அந்தச் சண்டையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, "சிடிஎம்ஏ ஒரு டப்பா டெக்னாலஜி, அதான் காணாமப் போச்சு" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 2004-லிருந்து நாலு வருஷம், காலேஜ் விட்டால் தேனியில் மாமாவின் செல்போன் கடையில்தான் கிடப்பேன். இரண்டு ரகப் போனும் என் கையில் புரண்டிருக்கின்றன.

முதலில் குரல். ஜிஎஸ்எம் போனை டிவி பக்கத்தில் வைத்திருந்தால், மணி அடிப்பதற்கு முன்பே ஸ்பீக்கர் 'டுடுக் டுடுக் டர்ர்' என்று அலறுமே, ஞாபகம் இருக்கிறதா? ஜிஎஸ்எம்-மில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். எங்கள் பக்கம் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரிதான். தன் முறை வரும்போது மட்டும் போன் அலையை வீசும், நொடிக்கு 217 தடவை. அந்தத் துடிப்புதான் ஸ்பீக்கரில் கேட்டது.

சிடிஎம்ஏ-வில் முறையெல்லாம் கிடையாது. பஸ் ஸ்டாண்டு கணக்கு. 'கம்பம் கம்பம்', 'போடி போடி', 'மதுரை மதுரை' என்று எல்லா கண்டக்டரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், நம் காதில் நம் ஊர் மட்டும் விழும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு குறியீடு, அந்தக் குறியீட்டைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல். கூட்டம் அதிகமானால் ஓரத்தில் நிற்பவனுக்குக் கேட்காது என்ற குறை உண்டு. மற்றபடி குரல் கணீரென்று இருக்கும், டர்ர் சத்தமும் இல்லை. அமெரிக்காவின் சான் டியேகோவில் இருக்கும் குவால்காம் கம்பெனியின் மூளை அது. டப்பா என்று சொல்ல எனக்கு மனசு வராது.

விலையிலும் அது நமக்கு நல்லதுதான் செய்தது. 1995-இல் இங்கே செல்போன் வந்தபோது நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம், வருகிற அழைப்புக்கும் காசு. ரிலையன்ஸ் 2002 டிசம்பரில் சிடிஎம்ஏ-வோடு இறங்கி, 2003 ஜூலையில் முதலில் 501 ரூபாய் கட்டினால் போன் கையில் என்றது. எல்ஜி ஆர்டி 2030, சாம்சங் என்191 எல்லாம் அப்படித்தான் தெருவுக்குத் தெரு வந்தன. உரிமம் குறைந்த விலையில் வாங்கிக்கொண்டு முழு செல்போன் சேவை நடத்துகிறார்கள் என்று ஜிஎஸ்எம் கம்பெனிகள் வழக்குப் போட்டன. அது தனிக் கதை, அந்த வருஷம் நவம்பரில் எல்லாருக்கும் ஒரே மாதிரியான ஒருங்கிணைந்த உரிமம் வந்து ஒரு வழியாக முடிந்தது.

அப்புறம் ஏன் தோற்றது? எங்கள் கடைக் கவுண்டரில் நின்றிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

"தம்பி, போன் தண்ணில விழுந்துருச்சு. சிம்மை மட்டும் கழட்டி இந்தப் போன்ல போட்டுக் குடுப்பா."

"அண்ணே, இதுல சிம்மே கிடையாதுண்ணே."

அவர் என்னை நம்பாமல் பேட்டரியைக் கழற்றிப் பார்ப்பார். சிடிஎம்ஏ போனில் நம்பர் போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். போனை மாற்ற வேண்டுமென்றால் கம்பெனி தயவு வேண்டும். இது டெக்னாலஜியின் குற்றமும் இல்லை. கார்டு போடுகிற சிடிஎம்ஏ போனை சீனாவில் சைனா யூனிகாம் அப்போதே விற்றது. இங்கே போனையும் இணைப்பையும் சேர்த்துக் கட்டி விற்பதுதான் வியாபாரமாக இருந்தது.

ஜிஎஸ்எம் பக்கம் நிலைமையே வேறு. துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த போனில் இங்கே சிம் வாங்கிப் போட்டால் அன்றைக்கே பேசலாம். பழைய போனைக் கடையில் கொடுத்து, மேலே ஐநூறு கொடுத்து இன்னொன்று எடுக்கலாம். 2003-இல் வந்த நோக்கியா 1100, டார்ச் லைட்டோடு, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அதன் கீபேடு, பேனல், சார்ஜர் பின் கிடைக்காத ஊரே இல்லை. ஒரு எல்ஜி சிடிஎம்ஏ போனுக்கு டிஸ்ப்ளே போனால், மாமா மதுரைக்கு ஆள் அனுப்பித் தேடச் சொல்வார். பாதி நாள் வெறுங்கையோடு வருவான்.

கம்பெனிகளும் கணக்குப் போட்டன. 2006 ஜூனில், சொந்தமாக சிடிஎம்ஏ போன் செய்வதை விடப்போகிறோம் என்று நோக்கியா அறிவித்தது. அதே வருஷம்தான் ஸ்ரீபெரும்புதூரில் அதன் ஆலை ஓடத் தொடங்கியது. 2009-க்குள், சிடிஎம்ஏ நடத்திவந்த ரிலையன்ஸும் டாடாவும்கூட ஜிஎஸ்எம் சேவையைத் தொடங்கிவிட்டன.

இதில் எனக்குப் பிடித்த கூத்து ஒன்று உண்டு. ஜெயித்த ஜிஎஸ்எம் குடும்பம் 3ஜி-க்குப் போனபோது எடுத்துக்கொண்ட ரேடியோ முறையின் பெயர் டபிள்யூ-சிடிஎம்ஏ. ஆமாம், அதே குறியீட்டு வித்தை. குவால்காம் காப்புரிமைப் பணம் கேட்டது, நோக்கியா முறைத்தது, வழக்குகள் 2008 ஜூலை வரை இழுத்து சமரசத்தில் முடிந்தன. வித்தை ஜெயித்தது, போனோடு நம்பரை ஒட்டி விற்ற முறைதான் செத்தது.

செத்தது என்று நினைத்தேன். 2022-இல் ஆப்பிள் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல் சிம் தட்டே இல்லை. அதற்குப் பதில் இசிம், அதாவது போனுக்குள்ளேயே பதித்த சிம். இசிம் என்றால் பழைய சிடிஎம்ஏ போல இல்லை, மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். மாற்றலாம்தான். போன மாசம் என் போன் டிஸ்ப்ளே செத்தது, உள்ளே இசிம். வீட்டில் ஒரு பட்டன் போன் சும்மாதான் கிடந்தது. ஆனால் எதை எடுத்து அதில் போட? ஓடிபி வராமல், பணம் அனுப்ப முடியாமல், ஷோரூமுக்கு இரண்டு நாள் நடந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாருக்கும் இதே கதைதான் என்று கவுண்டரில் இருந்த பையனே சொன்னான். பேட்டரியைக் கழற்றிப் பார்த்த அந்த அண்ணன் முகம்தான் கண்ணில் வந்தது.

மறுபடி பிளாஸ்டிக் சிம்முக்கே மாறிவிட்டேன். தட்டைத் திறக்கிற ஊசி அன்றைக்கே தொலைந்துவிட்டது. இப்போதைக்கு மனைவியின் தோட்டுக் கம்பிதான்.