மறுபடியும் சொல்கிறேன், அது மசூதி இல்லை

நேற்றிலிருந்து இன்பாக்ஸில் வந்து விழுந்ததையெல்லாம் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எந்தப் படம், யார் போட்டது என்று விளக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கம் வருகிற எல்லோரும் பார்த்தாயிற்று. இரண்டு உயரமான கோபுரம், உச்சியில் வெங்காயம் மாதிரி கும்மட்டம், சிவப்பும் மஞ்சளுமாக வரிவரியாய்ச் செங்கல். மேலே கொட்டை எழுத்தில் 'புடாபெஸ்டில் யூதர்கள் பிடுங்கிக்கொண்ட மசூதி'.

அது மசூதி இல்லை. ஒரு நாளும் மசூதியாக இருந்ததில்லை. யூதர்கள் தங்கள் காசைப் போட்டு, தங்களுக்காகவே கட்டிக்கொண்ட ஜெப ஆலயம். ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் இருக்கும் டோஹானி தெரு சினகாக். (டோஹானி என்றால் ஹங்கேரிய மொழியில் புகையிலை. புகையிலைத் தெருக் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இதைத்தான் அங்கே கமெண்டில் இரண்டு வரியில் எழுதினேன். அதற்குத்தான் 'மொசாட் (இஸ்ரேல் உளவுத்துறை) சம்பளம் எவ்வளவு?' என்று கேட்டார்கள். மொசாட் சம்பளம் வந்துகொண்டிருந்தால் வீட்டுக்கடன் தவணைக்கு மாதாமாதம் இப்படி முழி பிதுங்குமா?

கணக்கு ரொம்பச் சுலபம். அந்த ஊரை ஆண்டு, மசூதி கட்டிய துருக்கியர்கள் புடாவை (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பாதி) விட்டுப் போனது 1686ல். இந்தக் கட்டடத்தைக் கட்ட ஆரம்பித்தது 1854ல், திறந்தது 1859ல். நடுவில் 168 வருடம். கட்டிக்கொடுத்தவர் லுட்விக் ஃபோர்ஸ்டர், வியன்னாவில் தொழில் செய்த கட்டடக்கலைஞர். வாசலுக்கு மேலே எபிரேய எழுத்தில் யாத்திராகம வசனம் ஒன்று பொறித்திருக்கிறது: எனக்கு ஒரு பரிசுத்த ஸ்தலத்தை உண்டாக்குங்கள், நான் அவர்கள் நடுவில் வாசம்பண்ணுவேன் என்ற வசனம். அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து தெரியும். பெரிதாக்கிப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை. ஷேர் பண்ண நேரமிருக்கிறது.

சரி, 'பார்க்க மசூதி மாதிரிதானே இருக்கிறது' என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்தேன். கம்பெனி வேலையாகப் புடாபெஸ்ட் போய் ஏழாவது வட்டாரத்தில் வாடகைக்கு வீடு பிடித்த முதல் நாள், அந்தக் கோபுரங்களைப் படமெடுத்து அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன், 'பக்கத்துலயே பெரிய பள்ளிவாசல்மா' என்று. மறுநாள் கீழ் வீட்டுப் பாட்டியிடமும் அதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த காய்கறிப் பையைப் படியில் வைத்துவிட்டு, 'அது எங்களுடையது' என்றார், உடைந்த ஆங்கிலத்தில். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் கிறுக்கு. அடுத்த இரண்டு வருடம் லீவு கிடைத்தபோதெல்லாம் அந்த நாட்டுச் சினகாக்குகளைத் தேடித் தேடிப் போனேன்.

ஏன் அந்தத் தோற்றம் என்பதற்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய யூதர்களுக்கு ஒரு சிக்கல். அதுவரை பல ஊர்களில் தெருவைப் பார்த்தபடி கோயில் கட்டவே விடமாட்டார்கள், உள்முற்றத்தில் ஒளித்துத்தான் கட்ட வேண்டும். இப்போது கையில் பணம் வந்தது, கொஞ்சம் உரிமையும் வந்தது. கட்டலாம். ஆனால் எப்படிக் கட்டுவது? கோதிக் பாணியில் கட்டினால் சர்ச் ஆகிவிடும். யூதப் பாணி என்று தனியாக ஒன்று கிடையாது. ஃபோர்ஸ்டர் சொன்ன தீர்வு, யூதர்களுக்கு உறவான கிழக்கத்திய மக்களிடமிருந்து, குறிப்பாக அரபிகளிடமிருந்து, வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது. ஆகவே மூரிஷ் பாணி, அதாவது ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களின் கட்டடப் பாணி. அந்த இரட்டைக் கோபுரம் பைபிளில் வரும் சாலமோன் ஆலயத்தின் வாசலில் நின்ற யாகீன், போவாஸ் என்ற இரண்டு தூண்களை நினைவூட்டத்தான் என்று சொல்வார்கள்.

'அப்போ முஸ்லிம் கலையைத் திருடியதுதானே?' என்று இதற்கும் ஒருவர் கேட்டார். அரபிகளும் நாங்களும் உறவுக்காரர்கள் என்று சொல்லி, அதைக் கல்லிலேயே கட்டி நடுத்தெருவில் நிறுத்துவதற்குப் பெயர் திருட்டா? எனக்கு என்னவோ அந்த ஒரு விஷயத்துக்காகவே இன்றைக்கு அந்தக் கட்டடத்தை எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

உள்ளே போனால் இன்னொரு கூத்து. வெளியே மசூதி, உள்ளே சர்ச்! கிட்டத்தட்ட 3,000 பேர் உட்காரலாம், ஐரோப்பாவிலேயே பெரியது. தோரா (யூதர்களின் வேதம்) படிக்கிற மேடையை நடுவில் போடாமல் சர்ச் மாதிரி முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அந்த மேடைக்குப் பீமா என்று பெயர், நம்ம பீமன் இல்லை. ஆர்கன் வேறு இருக்கிறது, பழைய ஆர்கனைப் பெரிய இசைமேதை ஃபிரான்ஸ் லிஸ்ட்டே வாசித்திருக்கிறார். சனிக்கிழமை யூதர்கள் வேலை செய்யக்கூடாது, ஆர்கன் வாசிப்பதும் அதில் சேர்த்தி. அதனால் யூதர் அல்லாத ஒருவர் வந்து வாசிப்பார்.

இதையெல்லாம் திட்ட நம்மாட்கள் தேவையே இல்லை, யூதர்களே திட்டித் தீர்த்துவிட்டார்கள். 1865ல் பழைமைவாத ரப்பிகள் (யூத மதகுருக்கள்) நாக்மிஹாய் என்ற ஊரில் கூடி, நடுவில் பீமா இல்லாத சினகாக்குக்குள் போகாதே, கோபுரம் வைத்துக் கட்டாதே, பாடகர் குழு கூடாது என்று தடையே போட்டார்கள். சில வருடங்களில் சமூகமே உடைந்தது. சீர்திருத்தக்காரர்கள் ஒரு பக்கம், ஆச்சாரவாதிகள் ஒரு பக்கம், இரண்டிலும் சேராமல் பழையபடியே இருக்கிறோம் என்றவர்கள் ஒரு பக்கம். பத்து நிமிட நடையில் மூன்று கட்சியின் மூன்று சினகாக்கையும் பார்த்துவிடலாம். டோஹானி சீர்திருத்தக்காரர்களுடையது. ரும்பாக் தெருவில் இருப்பது இரண்டிலும் சேராதவர்களுடையது, கட்டடக்கலைஞர் ஓட்டோ வாக்னர் இளம் வயதில், 1872ல் முடித்த எண்கோணக் கட்டடம். கஸின்ட்ஸி தெருவில் 1913ல் வந்த ஆச்சாரவாதிகளுடையது, அதில் பீமா நடுவில்தான். எனக்கு மூன்றில் பிடித்தது ரும்பாக். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

செகெட் என்ற ஊருக்கும் போனேன். அங்கே இருக்கிற சினகாக் லிபோட் பௌம்ஹார்ன் என்ற கட்டடக்கலைஞர் கட்டியது, 1903ல் திறந்தது. உள்ளே கும்மட்டம் முழுக்க நீலக் கண்ணாடி, நட்சத்திரங்கள். என்னென்ன செடி, என்னென்ன பூ வரைய வேண்டும் என்று சொன்னவர் அந்த ஊர் ரப்பி இம்மானுயேல் லோவ். தாவரங்களைப் பற்றிப் பெரிய பெரிய நூல்கள் எழுதிய மனிதர். 1944ல், நாஜிகள் யூதர்களைப் பிடித்துக்கொண்டுபோன காலத்தில், 90 வயதில், அவரையும் நாடுகடத்தும் ரயிலில் ஏற்றினார்கள். புடாபெஸ்டில் இறக்கிவிடப்பட்டார், அங்கேயே செத்துப்போனார். செகெட் சினகாக்கின் முகப்பு மண்டபத்துச் சுவரில் அந்த ஊரிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. நான் படிக்க ஆரம்பித்து, ஒரே குடும்பப் பெயர் ஏழெட்டு முறை வரவும் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன், எல்லோரும் கேட்கிற கேள்வி. 'காசாவில் இவ்வளவு நடக்கும்போது உனக்கு யூதக் கோயில் முக்கியமா?' காசாவைப் பற்றி நான் எழுதியது இதே பக்கத்தில்தான் இருக்கிறது. கீழே போய்ப் பாருங்கள். அதை எழுதியபோது கைதட்டியவர்கள்தான் இப்போது கேட்கிறார்கள். அங்கே சாகிற குழந்தைக்காக அழுவதற்கு, இங்கே ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டம் இருக்கிறது? 1944 மே நடுவிலிருந்து ஜூலை ஆரம்பத்துக்குள், இரண்டு மாதம்கூட ஆகாத காலத்தில், ஹங்கேரியிலிருந்து 4,37,000 யூதர்களை ரயிலில் ஏற்றினார்கள், பெரும்பாலோரை ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமுக்கு. அன்றைக்கு இஸ்ரேல் என்ற நாடே கிடையாது. அந்த ரயிலில் போனவர்கள் எந்த மசூதியைப் பிடுங்கினார்கள்?

டோஹானி சினகாக்கின் முற்றத்திலேயே இடுகாடு இருக்கிறது. யூத வழக்கத்தில் கோயிலை ஒட்டிப் புதைப்பதில்லை. ஆனால் 1944-45 குளிர்காலத்தில் கெட்டோவுக்குள் (யூதர்களை அடைத்துவைத்த பகுதி) பட்டினியிலும் குளிரிலும் செத்தவர்களைப் புதைக்க வேறு இடமில்லை. 2,000 பேருக்கு மேல் அங்கே கிடக்கிறார்கள். வருகிறவர்கள் பூ வைப்பதில்லை, கூழாங்கல் வைக்கிறார்கள். கீழ் வீட்டுப் பாட்டி கோட்டுப் பையில் எப்போதும் இரண்டு மூன்று கல் போட்டு வைத்திருப்பார், ஒருமுறை எனக்கும் ஒன்று கொடுத்தார். வழவழவென்று, கை சூட்டோடு இருந்தது. யாருக்காக என்று கேட்கவில்லை, வைத்தேன். பிடுங்கிய மசூதியாம்.

உண்மையிலேயே பிடுங்கிய மசூதி வேண்டுமென்றால் அதே ஹங்கேரியில் இருக்கிறது, ஐயா. பேச் என்ற ஊர், நடுச் சதுக்கம், காசிம் பாஷா மசூதி. துருக்கியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது, இப்போது கத்தோலிக்கத் தேவாலயம். கும்மட்டத்து உச்சியில் பிறையும் அதன் மேல் சிலுவையும் ஒன்றாக நிற்கும். அதை யாரும் ஷேர் பண்ணவில்லை. அதில் யூதர் இல்லையே.

'ஒரு படத்துக்கு இவ்வளவு நீளமா?' ஆமாம், இவ்வளவு நீளம்தான்.

யாரோ முகம் தெரியாதவர்கள் திட்டியது எனக்குப் பெரிய விஷயமில்லை. என் கமெண்டுக்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. அதில் என் கல்லூரி நண்பன் ஒருவன் இருந்தான். புடாபெஸ்ட் வந்து என் வீட்டில் நாலு நாள் தங்கி, நான் வைத்த சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று முறை ஊற்றிச் சாப்பிட்டவன். அவனை டோஹானிக்கு நான்தான் கூட்டிப்போனேன். இங்கே எழுதியதையெல்லாம் அன்றைக்கே அவனிடம் சொன்னேன். முற்றத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். வாசலில் ஆண்களுக்குத் தலையில் வைத்துக்கொள்ளக் கொடுக்கும் வட்டக் குல்லா அவனுக்கு நிற்கவே இல்லை, வழுக்கை ஆரம்பித்துவிட்ட தலை. வெளியே வந்து அதே இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால், குல்லாவை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்னைப் படமெடுக்கச் சொன்னான்.

அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. நேற்று ராத்திரி அதை அவன் எமோஜிக்குக் கீழே போட்டுவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். போடவில்லை. அதிலும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறான்.