கேட்காத சேனலுக்கும் தேவையில்லாத வேகத்துக்கும் நாம் ஏன் பணம் கட்டுகிறோம்?

தக்காளி விலை ஏறினால் ஊரே பேசுகிறது. சிலிண்டர் விலை ஏறினால் சட்டமன்றம் வரை பேச்சு போகிறது. ஆனால் கேபிள், வைஃபை, செல்போன் ரீசார்ஜ் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு குடும்பத்திடமிருந்து ஆண்டுக்கு எவ்வளவு வாங்கிக்கொள்கின்றன என்பதைச் சேலத்தில் நானறிந்த வீடுகளில் பெரும்பாலோர் கூட்டிப் பார்த்ததில்லை. கேபிள்காரருக்கு ஒரு தேதியில் ரொக்கமாகவும், வைஃபைக்கான ஃபைபர் பில்லுக்கு மகனின் கைப்பேசியிலிருந்து இன்னொரு தேதியிலும், ரீசார்ஜுக்கு ஆளுக்கொரு தேதியிலும் பணம் போவதால், மூன்றும் ஒரே செலவுதான் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. மாதம் 599 ரூபாய் என்று விளம்பரப்படுத்தப்படும் ஃபைபர் பிளானுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தால் 706 ரூபாய் 82 காசு. கேபிளுக்கு 250 ரூபாய், மூன்று கைப்பேசிகளுக்குத் தலா 300 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் மாதம் 1,850 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ரீசார்ஜ் 28 நாளுக்கு ஒரு முறை என்பதால் அதை மட்டும் ஆண்டுக்கு 13 முறை கட்டுகிறோம். ஆகவே ஆண்டுக் கணக்கு 23,000 ரூபாயைக் கடக்கிறது. அம்மாபேட்டையில் தறியை நம்பி வாழும் குடும்பத்துக்கும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்பவருக்கும் இது சிறிய தொகை அன்று.

இந்தச் செலவு ஏறுவதற்கு விலை உயர்வு மட்டும் காரணம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நாம் கேட்டதோடு கேட்காததையும் சேர்த்துக் கட்டி, முழு மூட்டைக்கும் விலை வாங்கும் வழக்கமே பெரிய காரணம். மளிகைக் கடையில் துவரம் பருப்பு கேட்ட நமக்குக் கடைக்காரர் பத்து வகைப் பருப்பையும் கட்டித் தந்து எல்லாவற்றுக்கும் பணம் கேட்டால் நாம் கடையை விட்டு இறங்கிவிடுவோம். தொலைக்காட்சி விஷயத்தில் மட்டும் அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டுவிட்டோம். பிரித்து வாங்கும் உரிமை விதிகளிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017-ல் வகுத்த விதிகள், வழக்குகளைக் கடந்து, 2019 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி நாம் கட்டும் தொகை இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, இணைப்பு வைத்திருப்பதற்கான அடிப்படைக் கட்டணம். 100 சேனல்கள் வரை அதிகபட்சம் 130 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு என்று அன்று வரையறுக்கப்பட்டது. 2020-ல் செய்யப்பட்ட திருத்தத்தில் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் தர வேண்டும் என்று ஆனது. இரண்டாவது பகுதி, நாம் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனல்களின் விலை. ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் மாத விலையை அறிவித்தாக வேண்டும்; தனியாக ஒரே ஒரு சேனலைக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். செய்திச் சேனல்களில் பல, நம் சேலத்தில் உள்ளூர் கேபிள் சேனலாகத் தொடங்கி வளர்ந்த பாலிமர் உட்பட, இலவசச் சேனல்கள். அவை அடிப்படைக் கட்டணத்திலேயே வந்துவிடும்.

இந்தப் பணம் யாரிடம் போகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் நம் கோபம் பெரும்பாலும் தவறான ஆளின்மீது பாய்கிறது. 19 ரூபாய் விலையுள்ள ஒரு கட்டணச் சேனலில் 80 விழுக்காடு, அதாவது 15 ரூபாய் 20 காசு வரை, சேனல் நடத்தும் நிறுவனத்துக்குச் செல்லலாம். எஞ்சியதை மேலே இருக்கும் பெரிய கேபிள் நிறுவனமும் தெருவில் கம்பி இழுக்கும் உள்ளூர் ஆபரேட்டரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்தப் பங்கு பெரிய நிறுவனத்துக்கு 55 விழுக்காடு, ஆபரேட்டருக்கு 45 விழுக்காடு. அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய் என்றால் அதிலும் அதே கணக்கில் ஆபரேட்டருக்கு வருவது 58 ரூபாய் 50 காசு. மழைக்காலத்தில் கம்பம் ஏறுகிறவர், கிரிக்கெட் நடக்கும்போது படம் நின்றுவிட்டது என்று எல்லா வீட்டாரிடமும் பேச்சு வாங்குகிறவர் அவர்தான். கட்டணச் சேனல்களைக் கூட்டக் கூட்ட அவருக்குக் கிடைப்பது சொற்பம்தான். பெரும்பகுதி எங்கோ தொலைவில் இருக்கும் நிறுவனங்களுக்குச் செல்கிறது.

எங்கள் வீட்டுக்கு வரும் ஆபரேட்டரிடம் சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னபோது, "அக்கா, இந்தத் தெருவுல எல்லாரும் இதே பேக்தான் போட்டிருக்காங்க, பிரிச்சா உங்களுக்குத்தான் கூட ஆகும்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. தொகுப்பாக வாங்கினால் தள்ளுபடி, தனித்தனியாக வாங்கினால் முழு விலை என்ற முறையில்தான் விலைப்பட்டியலே அமைக்கப்பட்டிருக்கிறது. ஏழெட்டுக் கட்டணச் சேனல்களைப் பார்க்கும் குடும்பத்துக்குத் தொகுப்பே மலிவாக அமையலாம். ஆனால் எத்தனை சேனல்களை நாம் மெய்யாகவே பார்க்கிறோம் என்று எழுதிப் பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும். எங்கள் வீட்டில் மாமியார் பார்க்கும் தொடர்களுக்கு இரண்டு சேனல்கள், பழைய பாடல்களுக்கு ஒன்று, இவை தவிர்த்த அனைத்தும் இலவசச் சேனல்களாகவே இருந்தன. தொகுப்பில் இருந்த இந்திச் சேனல்களையும் குழந்தைகள் சேனல்களையும் பார்க்க வீட்டில் ஒருவரும் இல்லை. பட்டியலை எழுதி ஆபரேட்டரிடம் கொடுத்ததும் அவரும் மறுக்காமல் மாற்றிக் கொடுத்தார். மாமியாருக்கு ஒரு தொடரும் குறையவில்லை. அது எனக்கு முக்கியமாக இருந்தது. சிக்கனம் என்ற பெயரில் வீட்டில் இருக்கும் பெரியவர்களின் ஒரே பொழுதுபோக்கைப் பறிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்குத் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் 2004 முதல் இருக்கிறது. டிஷ்ஷும் பெட்டியும் வாங்கும் செலவு ஒரு முறைதான். ஆனால் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் பார்க்கும் பொழுதுபோக்குச் சேனல்கள் அதில் பெரும்பாலும் இல்லாததால், நம் ஊரில் அது எல்லோருக்கும் விடை ஆகாது.

ஃபைபர் இணைப்பில் மூட்டை வேறு வடிவில் வருகிறது. அங்கே கூடுதலாகக் கட்டித் தரப்படுவது வேகம். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி "நெட் மெதுவாக இருக்கிறது" என்றால், பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில் அடுத்த பிளானுக்கு மாறச் சொல்வதுதான். ஒரு தொலைக்காட்சியில் எச்.டி. தரத்தில் படம் பார்க்க ஏறத்தாழ 5 எம்.பி.பி.எஸ். (இணைய வேகத்தின் அளவு) போதும்; வீடியோ அழைப்புக்கு அதைவிடக் குறைவு; எச்.டி.யைவிடத் துல்லியமான 4கே தரத்துக்கு மட்டும்தான் 15 முதல் 25 வரை தேவைப்படும். ஒருவர் வீட்டிலிருந்து வேலை செய்ய, ஒருவர் ஆன்லைன் வகுப்பில் இருக்க, ஒருவர் படம் பார்க்க, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 30 அல்லது 40 எம்.பி.பி.எஸ். சிரமமில்லாமல் ஓடும். குகையிலும் பட்டைக்கோவில் பக்கத்திலும் உள்ள பழைய வீடுகளில் சுவர்கள் கனமானவை. வைஃபை தரும் பெட்டியான ரூட்டரை வாசல் பக்கத்து அலமாரிக்குள் வைத்துவிட்டுப் பின்கட்டு அறையில் சிக்னல் இல்லை என்றால், 300 எம்.பி.பி.எஸ். பிளான் போட்டாலும் அந்தச் சுவர் வழிவிடாது. ரூட்டரை வீட்டின் நடுவே, உயரத்தில், திறந்த இடத்தில் வைக்க வேண்டும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும் ஆற்றல் குறைந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, தூரம் செல்லக்கூடியது. தொலைக்காட்சிப் பெட்டி ரூட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் வைஃபை இல்லாமல் கம்பி வழியாகவே இணைத்துவிடலாம். இவற்றைச் செய்து பார்த்த பிறகும் வேகம் போதவில்லை என்றால் மட்டும் பிளானை உயர்த்துவது முறை.

டேட்டா அளவும் இப்படித்தான். பல ஃபைபர் பிளான்களில் மாதம் 3,300 ஜி.பி. வரை முழு வேகம் என்று இருக்கிறது. எச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 ஜி.பி. எடுக்கும் என்று கொண்டால், 30 நாளும் இரவு பகலாக ஒரு தொலைக்காட்சியை ஓடவிட்டாலும் 2,160 ஜி.பி.தான் ஆகும். அதற்கு மேல் தருகிறோம் என்பதற்காக ஒரு குடும்பம் கூடுதலாகப் பணம் கட்டத் தேவையில்லை.

இணையம் வழியாகப் படமும் விளையாட்டும் காட்டும் ஓடிடி சேவைகள் சேர்ந்த பிளான்களைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் பழக்கப்படுத்திவிட்டுப் பிறகு விலை வைப்பது அந்தத் துறையின் இயல்பு. ஐ.பி.எல். போட்டிகள் 2023-லும் 2024-லும் கைப்பேசிச் செயலியில் இலவசமாகக் காட்டப்பட்டன. 2025-ல் தொடர்ந்து பார்க்கச் சந்தா வேண்டும் என்றானது. இரண்டு மாதப் போட்டிக்காக ஆண்டு முழுவதும் ஓடிடி பிளானில் இருப்பதைவிட, அந்த இரண்டு மாதம் மட்டும் சேர்த்துவிட்டு நிறுத்திக்கொள்வது நம் கையில் இருக்கிறது. தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை வங்கிச் செயலியில் ரத்து செய்யவும் மறக்கக் கூடாது.

வீட்டில் வைஃபை இருக்கும்போது வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாத பெரியவர்களின் கைப்பேசிக்கு நாள்தோறும் 1.5 ஜி.பி. டேட்டா எதற்கு? 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் ரீசார்ஜ் கட்டணத்தை உயர்த்தியபோது அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பேசுவதற்கு மட்டுமே கைப்பேசி வைத்திருப்பவர்கள். 2024 டிசம்பரில், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பிளான்களை எல்லா நிறுவனங்களும் தந்தாக வேண்டும் என்று டிராய் விதி செய்தது. 2025 ஜனவரி முதல் அவை கிடைக்கின்றன. கடைக்காரர் தாமாக அதைக் காட்டமாட்டார். நாம்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். குறைந்தது ஒரு 30 நாள் பிளானும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் ஒரு பிளானும் இருந்தாக வேண்டும் என்பதும் 2022 முதல் விதியாக இருக்கிறது.

இவ்வளவு செய்தும் தவறான பில் வந்தால் சண்டை போட வேண்டியதில்லை, எழுத வேண்டும். நாங்கள் ஒரு ஃபைபர் இணைப்பை நிறுத்தச் சொல்லி, ரூட்டரையும் திருப்பித் தந்த பிறகும் பில் வந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் பேசியபோதெல்லாம் "பார்க்கிறோம் மேடம்" என்ற பதில்தான் கிடைத்தது. புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, அதைக் குறிப்பிட்டு அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பிய பிறகே பில் நின்றது. ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனத்திலும் அப்படி ஓர் அதிகாரி இருந்தாக வேண்டும், அவரிடம் முறையிடக் கட்டணமும் இல்லை. அங்கும் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குகள் நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று நிறுவனங்கள் நெடுங்காலம் வாதாடிவந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்துவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. பணம் கட்டும்போது ரசீது வாங்கி வைத்திருப்பது இதற்கெல்லாம் அடிப்படை. அறிமுகமான ஆள்தானே என்று ரசீது கேட்கக் கூச்சப்படுவதை நாம் விட்டுவிட வேண்டும்.

இவையெல்லாம் குடும்பம் செய்துகொள்ளக்கூடியவை. குடும்பத்தால் செய்ய முடியாத ஒன்றும் இருக்கிறது. 2024 ஜூலையில் டிராய் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையே நீக்கி, அடிப்படைக் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. போட்டி இருப்பதால் விலை தானாகக் கட்டுக்குள் இருக்கும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். அஸ்தம்பட்டியிலும் ஃபேர்லாண்ட்ஸிலும் ஒரே கம்பத்தில் நான்கு நிறுவனங்களின் கம்பி தொங்கும்போது அந்த வாதத்தில் ஓரளவு பொருள் இருக்கலாம். சேர்வராயன் மலையில் அதற்குப் பொருளே இல்லை. ஏற்காடு டவுனை விட்டு நாகலூர், வெள்ளக்கடை பக்கம் போனால் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வீடுகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கின்றன. அத்தனை வீட்டுக்கும் கம்பி இழுத்துக் கட்டுப்படியாகாது என்று கேபிள்காரர்கள் ஒதுங்கிக்கொள்வதால் டிஷ்தான் கதி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு, அந்த மலையில் ஒரு இணைப்பை அறுந்துபோகாமல் வைத்திருப்பதே எவ்வளவு கடினம் என்பது தெரியும். மாறிக்கொள்ள வழி குறைந்த இடத்தில் உச்சவரம்பை நீக்குவது, விலை சொல்லும் அதிகாரத்தை முழுவதுமாக ஒரு பக்கத்திடம் ஒப்படைப்பதாகும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்னனுபவம் உண்டு. 2007-ல் உருவாக்கப்பட்ட அரசு கேபிள் நிறுவனம் 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தரத் தொடங்கியது. 2019-ல் சேலம் மாவட்டத்துக்காரரான அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, 220 ரூபாயாக இருந்த அதன் கட்டணத்தை 130 ரூபாயாகக் குறைத்து அறிவித்தார், ஜி.எஸ்.டி. தனி. எந்தக் கட்சி ஆட்சி என்பது எனக்கு இங்கே பொருட்டல்ல. சந்தையில் ஒரு பொதுத்துறை விலை இருக்கும்வரை மற்றவர்கள் அதற்கு மிகவும் மேலே போகத் தயங்குவார்கள் என்பதுதான் பொருட்டு. அந்த நிறுவனத்தின் பெட்டிகளும் சேவையும் ஒழுங்காக இயங்கும்படி அரசு பார்த்துக்கொள்ள வேண்டும். 12,525 ஊராட்சிகளை இணைக்கும் ஃபைபர் திட்டத்தின் பயன் ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடாமல் மலைக் கிராமத்து வீடுகள் வரை போக வேண்டும். அடிப்படைக் கட்டணத்துக்கான உச்சவரம்பை, குறைந்தபட்சம் மலைப் பகுதிகளுக்காவது, டிராய் மீண்டும் கொண்டுவர வேண்டும். கட்டண விதிகளை மாற்றும் முன் ஆணையம் தன் இணையதளத்தில் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. அடுத்த முறை அப்படிக் கேட்கும்போது நிறுவனங்களின் கடிதங்களோடு சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் நம் பெயரில் நூறு கடிதங்களாவது போய்ச் சேர வேண்டும்.