டப்பாவில் வைத்தால் சுருட்டுக்கு அவமானமாம்

நான் போட்ட சுருட்டு டப்பாப் படத்தின் கீழே நடந்ததை உங்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள் என்பதால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. ஒரு நண்பர் கேட்டார் என்பதற்காக, நான் சுருட்டுகளை வைத்திருக்கும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவைப் படம் எடுத்துப் போட்டேன். உடனே ஓர் அண்ணன் வந்து, 18 டிகிரி வெப்பநிலையும் 70 விழுக்காடு ஈரப்பதமும் துளிகூட மாறாமல் நிற்கும் தம்முடைய கண்ணாடிக் கதவு அலமாரியின் படத்தைப் பக்கத்தில் வைத்து, "தம்பி, சோற்று டப்பாவில் வைப்பதற்குப் பீடி போதுமே" என்று எழுதினார். அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் என் வீட்டுத் தீபாவளிக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்களும் உண்டு. இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சுருட்டுக்கு வேண்டியது ஏற்ற இறக்கம் இல்லாத சூழல். அந்தச் சூழலைப் பூட்டிக் காப்பாற்றப் பல்லாயிரம் சிங்கப்பூர் வெள்ளி தேவையில்லை. தசம புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணைப் பார்த்துப் பெருமைப்படுவதால் சுருட்டின் சுவை கூடுவதும் இல்லை.

இந்த 70 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 70 டிகிரி ஃபாரன்ஹீட், 70 விழுக்காடு ஈரப்பதம் என்பது மனத்தில் நிற்பதற்கு எளிதான ஒரு சூத்திரம். செல்சியஸில் அது 21 டிகிரி. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கி, அதனால் உள்ளே காற்று 20, 30 விழுக்காட்டுக்கு வறண்டுபோகும் நாடுகளில், சுருட்டுக்கு ஈரம் ஊட்டுவதற்காகவே மரப்பெட்டிகளைச் செய்தார்கள். நம் ஊரின் சிக்கல் நேர்மாறானது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60ஐ ஒட்டி இறங்கும். இங்கே உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடுமோ என்பதைவிட, வெளியே இருக்கும் ஈரம் உள்ளே வந்துவிடுமோ என்பதே பெரிய கவலை. மூடி சரியாகப் பொருந்தாத அழகான மரப்பெட்டியைவிட, ரப்பர் விளிம்பு வைத்த டப்பா அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. புகைப்படக் கருவி வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு வீடு ட்ரை கேபினெட் (ஈரம் புகாமல் காக்கும் அலமாரி) வாங்கி வைக்கும் ஊரில் இதை நான் விளக்க வேண்டியிருப்பதே வேடிக்கை.

டப்பாவுக்குள் ஸ்பானிஷ் சீடர் பலகை ஒன்றும், ஈரப்பதத்தை 65 விழுக்காட்டில் நிறுத்தும் போவேடா பை ஒன்றும் இருக்கின்றன. (பெயரில் சீடர் என்று இருந்தாலும் அந்த மரம் நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அந்த அண்ணன் அறிந்திருக்க வாய்ப்பில்லை.) பைக்குள் உப்புக் கரைசல் இருக்கிறது, காற்று வறண்டால் நீரை விடும், ஈரம் மிஞ்சினால் இழுத்துக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், ஓசை இல்லை.

"அறையின் வெப்பநிலை மாறினால் டப்பாவுக்குள் ஈரப்பதமும் தாறுமாறாகுமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்விதான், கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால். ஐந்து லிட்டர் டப்பாவில் இருக்கும் காற்றில், 27 டிகிரியில், 70 விழுக்காடு ஈரப்பதத்தில், நீராவி ஏறக்குறைய 0.09 கிராம்தான் இருக்கும். அதே டப்பாவில் 25 சுருட்டுகள் இருக்கின்றன, ஒன்று பத்து கிராம் என்று வைத்துக்கொண்டால், புகையிலை மட்டும் 250 கிராம். அதில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் நீர்தான், அதாவது 25 கிராமுக்கு மேல். காற்றில் இருக்கும் நீரைப்போல முந்நூறு மடங்குக்குக் கிட்ட நீர் இலைக்குள் இருக்கும்போது, யார் யாரை ஆட்டிவைப்பார்கள்? நிறைந்த டப்பாவில் சுருட்டுகளே ஈரப்பதத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. வெப்பம் கூடினால் ஈரப்பத எண்ணைக் குறைத்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை ஊறிப்போகும் என்பதும் தவறு. ஈரப்பத விழுக்காடு மாறாமல் வெப்பம் மட்டும் ஏறினால் புகையிலை தாங்கும் நீர் சற்றுக் குறையுமே தவிரக் கூடாது.

இனி அந்த 18 டிகிரி அலமாரிக்கு வருவோம். குளிர்சாதனங்களைப் பழுதுபார்த்துப் பிழைப்பவன் என்ற முறையில் இதைப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கம்ப்ரசர் ஓடும்போது குளிர்ச் சுருள் காற்றிலிருந்து நீரைப் பிழிந்து எடுக்கிறது, ஈரப்பதம் விழுகிறது. அது நின்றதும் ஈரமூட்டி நீரை விடுகிறது, ஈரப்பதம் ஏறுகிறது. கதவில் மின்னும் எண், உணரி இருக்கும் இடத்தின் நிலையைத்தான் சொல்லும்; அடித்தட்டில் கிடக்கும் சுருட்டின் நிலையைச் சொல்லாது. இதைவிட முக்கியமான ஒன்று: நம் ஊர்க் காற்றின் பனிநிலை, அதாவது காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. குளிர்சாதனம் ஓடாத அறையில், விருந்தினருக்குக் காட்டுவதற்காக அந்த 18 டிகிரி அலமாரியைத் திறந்து வைத்தால், உள்ளே போகும் காற்று அங்கிருக்கும் குளிர்ந்த பரப்பிலெல்லாம் நீராகப் படியும். கட்டுப்பாடு கடுமையாக ஆக ஆகக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சியும் பெரிதாகிறது. என் டப்பாவுக்கு அந்த அதிர்ச்சி கிடையாது; படுக்கையறை அலமாரியின் அடித்தட்டில், மேற்கு வெயில் படாத சுவரை ஒட்டி, அறையோடு சேர்ந்து மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிர்கிறது.

வண்டு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது உண்மையான ஆபத்து. புகையிலை வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கும், செம்பழுப்பு நிறம். அம்மா வைத்திருக்கும் மல்லியிலும் மிளகாய்த்தூளிலும் மஞ்சளிலும் வருவதும் இதேதான். 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் அதற்குக் கொண்டாட்டம். 20க்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே நாள் முழுவதும் 30 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும் அறையில் சுருட்டை வைக்காதீர்கள் என்று நானும்தான் சொல்கிறேன். ஆனால் அலமாரியின் அந்தக் குளிர் முட்டையைக் கொன்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது. அலமாரி பழுதாகும் நாளில் அது பொரிக்கக்கூடும். முட்டையைக் கொல்ல வேண்டுமென்றால் உறையவைக்க வேண்டும். பெரிய உற்பத்தியாளர்கள் பலர் ஏற்றுமதிக்கு முன்பே அதைச் செய்துவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் வீட்டிலும் செய்யலாம்: காற்றுப் புகாத பையில் இரட்டையாகச் சுற்றி, உறைபெட்டியில் சில நாள், பிறகு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், அதன் பிறகே வெளியே. அவசரப்பட்டால் சுருட்டைச் சுற்றியிருக்கும் மேலிலை வெடிக்கும்.

பல ஆண்டுகள் வைத்து முதிரவிடுபவர்களுக்குக் குளிர் வேண்டும் என்பார்கள். வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். நான் சேமிப்பவன் அல்லன், பிடிப்பவன்.

"புகையிலை உடலுக்குக் கேடு, இதைப் பற்றி எழுதலாமா" என்று கேட்பவர்களுக்கு: கேடுதான், மறுக்கவில்லை, யாரையும் பிடிக்கச் சொல்லவில்லை, 21 வயது ஆகாதவர்களுக்கு இந்தப் பதிவில் வேலையே இல்லை.

பொறாமை என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். மூவறை வீட்டுக்காரனுக்கு அலமாரியைக் கண்டு வயிற்றெரிச்சலாம். அலமாரி வாங்குவது உங்கள் பணம், உங்கள் விருப்பம். அதில் நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனால் அண்ணே, பீடி என்று எழுதினீர்களே, அதற்குப் பொருள் என்ன என்று எனக்குத் தெரியாதா? துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கிய என் தாத்தா, ஊரிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவரும் திருச்சி உறையூர்ச் சுருட்டைத்தான் பிடித்தார். பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடி வைத்திருப்பார்; இறுகிய மூடி, இருட்டு, சில வாரத்தில் தீர்ந்துவிடும் அளவு. ஈரப்பதமானி என்ற ஒன்றை அவர் கண்டதே இல்லை. சுருட்டு காய்ந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்த்தே சொல்வார். அவரைப்போலவே செய்யுங்கள் என்று நான் வாதிடவில்லை. அவர் பிடித்தது வேறு சுருட்டு, வேறு பதம். ஆனால் அந்தத் தகர மூடியை இகழ்ச்சியாகப் பேச உங்களுக்கு ஒரு தகுதியும் இல்லை. சுருட்டுக்கு மரியாதை செய்யத் தெரியாதவர்கள் என்றீர்கள். வீட்டுக்கு வந்தவனிடம் விலைச்சீட்டைக் காட்டுவதுதான் மரியாதை என்றால் அது எனக்கு வேண்டாம்.

இந்தச் சண்டையை எண்ணை வைத்தே தீர்த்துக்கொள்ளலாம். ஒரு மூடியில் உப்பை வைத்துச் சில சொட்டு நீர் விட்டுக் குழைத்து, ஈரப்பதமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாமல் கட்டி, ஓர் இரவு வையுங்கள். மானி சரியாக இருந்தால் 75 காட்ட வேண்டும். என்னுடைய விலை குறைந்த மானி 73 காட்டியது. இரண்டைக் கூட்டிப் படித்துக்கொள்கிறேன். அண்ணன் தம்முடைய அலமாரியின் உணரியையும் இதேபோல் சோதித்து, வந்த எண்ணை அதே படத்தின் கீழே போடட்டும். அதைப் போடும்வரை சுருட்டு பற்றி அவரோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை.