இசைத்தாளா, முள்வேலியா?

கீபோர்டில் வாசித்ததை மிடியாக (எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம், எப்போது விட்டோம் என்பதை எண்களாகக் குறிக்கும் கோப்பாக) பதிந்துவிட்டால் இசைத்தாள் தானாக வந்துவிடும் என்று நம்பி, நேற்று இரவு முழுவதையும் தொலைத்தேன். ஒரு குவார்ட்டர் நோட்டுக்கு (கால் பங்கு நோட்டுக்கு) 480 டிக், அதாவது 480 நுண்ணிய நேரத் துளிகள், என்பது என் கோப்பின் கணக்கு. விரலை வெறும் 60 டிக் முன்னதாக எடுத்துவிட்டால், மென்பொருள் அதை இரட்டைப் புள்ளி வைத்த எட்டாம் நோட்டாகவும் அதன் பின்னே முப்பத்திரண்டில் ஒரு பங்கு மௌனமாகவும் எழுதி வைக்கிறது. காதுக்கு இனிமையாக இருந்த மெட்டு, தாளில் முள்வேலி போல் நிற்கிறது. சரி, குவான்டைஸ் செய்யலாம், அதாவது நோட்டுகளைச் சீரான தாளக் கட்டங்களில் பொருத்தச் சொல்லலாம் என்றால், மும்மூன்றாக வாசித்த இடங்களையும் பதினாறாம் நோட்டுகளின் கட்டங்களுக்குள் அடைத்து, நடையையே கொன்றுவிடுகிறது.

இவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். மிடியில் 61 என்பது ஒரு கட்டையின் வெறும் எண்; அது சி ஷார்ப்பா, டி ஃபிளாட்டா என்பது அதற்குத் தெரியாது. ஏ ஃபிளாட் மேஜரில் அமைந்த என் மெட்டை, ஸ்கேல் விவரத்தை நான் பதியாத ஒரே குற்றத்துக்காக, மென்பொருள் சி மேஜர் என்று எடுத்துக்கொண்டு, டி ஃபிளாட் வரும் இடமெல்லாம் சி ஷார்ப் என்று குறித்துத் தொலைத்திருந்தது. (இரண்டும் ஒரே கட்டைதானே என்பவர்கள் அதைப் பார்த்து வாசித்துப் பார்க்கட்டும்.) இடக்கை நடு சி-யைத் தாண்டிய இடங்களிலெல்லாம் அந்த நோட்டுகள் வலக்கை வரிக்குத் தாவியிருந்தன. நான்கு நிமிட வாசிப்பைத் திருத்த ஐந்து மணி நேரம் ஆனது; பென்சிலும் தாளும் எடுத்திருந்தால் அதற்குள் இருமுறை எழுதி முடித்திருப்பேன்.