ஸலாத்திலேயே குத்துகிறவர்கள்

நபிகள் நாயகம் (ஸல்) பிறந்த மாதமான ரபீஉல் அவ்வலின் பிறை தெரிந்துவிட்டால் போதும், மலேசியாவின் பினாங்கில் எங்கள் தமிழ் முஸ்லிம் வாட்ஸ்அப் குழுக்களில் மவ்லிது என்னும் நபி புகழ்ப்பாடலைப் பற்றிய சண்டையும் பிறந்துவிடும். ஓதலாம் என்று ஒரு கூட்டம், பித்அத் (மார்க்கத்தில் நுழைத்த புதுமை) என்று ஒரு கூட்டம். எவ்வளவு சூடேறினாலும் யாரும் கெட்ட வார்த்தை எழுதுவதில்லை. மார்க்கம் நாவைக் கட்டிவைத்திருக்கிறது. அதனால் கோபம் துஆவின், அதாவது பிரார்த்தனையின், வேடத்தில் வருகிறது. 'அல்லாஹ் உங்களுக்கு ஹிதாயத் (நேர்வழி) தருவானாக' என்று ஒருவர் எழுதுவார். ஆமீன் சொன்னால் வழிகெட்டவன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லாவிட்டால் துஆவையே மறுத்தவனாகிவிடுவோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் நேருக்கு நேர் உட்கார்ந்தால் இதே மனிதர் 'மாமா' என்றுதான் அழைப்பார். குழுவில் 'சகோதரரே' என்று தொடங்கினாரென்றால் அடி விழப்போகிறது என்று பொருள்.

எல்லாவற்றையும்விடக் கூர்மையானது 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று முகமன் கூறும் ஸலாம். ரோமப் பேரரசர் ஹிரக்லியஸுக்கு நபிகள் நாயகம் (ஸல்) எழுதிய கடிதத்தில் 'நேர்வழியைப் பின்பற்றியவர் மீது ஸலாம்' என்று வரும். இஸ்லாத்தில் இல்லாத அரசருக்கு எழுதிய முகமன் அது. அதே வாசகத்தை, பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுகிறவருக்குப் பதில் எழுதும்போது அரபியிலேயே முதல் வரியாகப் போடுகிறார்கள். ஓதிப் படித்தவருக்குச் சுருக்கென்று தைக்கும். தெரியாதவர் பாவம், 'வஅலைக்குமுஸ்ஸலாம்' என்று மகிழ்ச்சியோடு பதில் போடுவார். உங்களுக்கு ஸலாம் சொன்னவரைப் பார்த்து 'நீ முஃமின் (இறைநம்பிக்கையாளன்) இல்லை' என்று சொல்லாதீர்கள் என்கிறது குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தின் 94ஆம் வசனம். ஸலாத்தைக் கொண்டே அதைச் சொல்லிவிடும் வழியை நம்மவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்!

இதற்காக விவாதங்களில் மார்க்கச் சொற்களே வேண்டாம் என்று இளைஞர்கள் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 'வல்லாஹு அஃலம்' (அல்லாஹ்வே நன்கறிந்தவன்) என்று ஃபத்வாவின், அதாவது மார்க்கத் தீர்ப்பின், முடிவில் எழுதிய ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்), தங்கள் அறிவுக்கு எல்லை உண்டு என்று அறிந்து எழுதினார்கள். அந்தப் பணிவு இன்றைய சண்டைகளுக்குத்தான் மிகவும் தேவை. யாரோ அனுப்பியதைப் படிக்காமலேயே அப்படியே தள்ளிவிடுகிறவர், அதன் அடியில் அதே சொல்லை முத்திரைபோல் குத்துகிறார். அதற்குமேல் கேள்வி கேட்டால் நாம் மார்க்கத்தோடு மோதுகிறோமாம்.

நான் மவ்லிது ஓதுகிற வீட்டுப் பிள்ளை. எங்கள் பக்கமும் சுத்தமில்லை. ஆதாரம் கேட்கிறவர் எவராக இருந்தாலும் மவ்லிதை எதிர்ப்பவர்களுக்கு வைத்திருக்கும் 'வஹாபி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பட்டப்பெயர் சூட்டி அழைக்காதீர்கள் என்ற அல்ஹுஜுராத் 11ஆம் வசனத்தை மவ்லிது சபையின் பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்தவர்கள்தான் அப்படி எழுதுகிறார்கள்.